அமேசான் முகத்துவாரத்தில் ஒரு கராத்தே குடும்பம்

2009 மே 23. லாஸ் வேகாஸ், எம்.ஜி.எம். கிராண்ட் அரங்கம். எட்டுப் பக்கக் கம்பிவலைக் கூண்டுக்குள் அமெரிக்காவின் ரஷாத் எவன்ஸும் பிரேசிலின் லியோட்டோ மச்சிடாவும் நின்றார்கள். இருவருமே அதுவரை தோல்வி என்பதைப் பார்க்காதவர்கள். யு.எஃப்.சி. லைட் ஹெவிவெயிட் பட்டம் எவன்ஸ் வசம் இருந்தது. இரண்டாம் சுற்று முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, அடுக்கடுக்காக விழுந்த குத்துகளில் எவன்ஸின் கால்கள் மடங்கின. கூண்டின் ஓரமாக நினைவிழந்து சரிந்தார். பட்டம் கைமாறியது. மைக்கை நீட்டியதும் மச்சிடா உரக்கச் சொன்னது உலகெங்கும் கராத்தே வகுப்புகளில் இன்றும் பேசப்படுகிறது: கராத்தே திரும்பி வந்துவிட்டது!

திரும்பி வந்தது சரி, எங்கே போயிருந்தது?

பதினாறு வருஷம் பின்னால் போக வேண்டும். 1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர் நகரம். எந்தக் கலை பெரிது என்று பார்த்துவிடலாம் என்று குத்துச்சண்டை, சுமோ, கராத்தே, மல்யுத்தம் எனப் பல துறைக்காரர்களை ஒரே கூண்டில் இறக்கினார்கள். எடைப் பிரிவு இல்லை, விதிகளும் பெயருக்குத்தான். முதல் யு.எஃப்.சி. அதுதான். குத்துச்சண்டை வீரர் ஒருவர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். அன்று ஒரே இரவில் மூன்று பேரை வீழ்த்திக் கோப்பையை எடுத்தவர் ஆள் பார்க்க ஒல்லி. பெயர் ரொய்ஸ் கிரேசி. யாரையும் அவர் பெரிதாக அடிக்கவில்லை. கட்டிப்பிடித்துத் தரையில் தள்ளி, மடக்கிப் பிடித்து, எதிராளியைத் தட்டிச் சரணடைய வைத்தார்.

அந்த இரவோடு ஜிம்களின் கணக்கு மாறிப்போனது. கிரேசியின் ஜியு-ஜிட்சு தெரியாதவன் சண்டைக்காரனே இல்லை என்றானது. மல்யுத்தம், தாய்லாந்தின் முவாய் தாய் இரண்டும் கூடச் சேர்ந்தன. கராத்தே? அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு, சினிமாவுக்கு ஸ்டண்ட் என்று ஒதுக்கி வைத்தார்கள். கராத்தேக்காரர்கள் வாய் திறந்து பதில் சொல்ல முடியாத காலம் அது.

கராத்தேவை ஓரங்கட்டிய கிரேசி குடும்பமும் அதை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்த மச்சிடா குடும்பமும் ஒரே ஊரில் வேர்விட்டவை. பிரேசிலின் வடக்கே, அமேசான் கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள பெலெம். பாரா மாநிலத்தின் தலைநகர். தெருக்களின் இருபுறமும் மாமரங்கள் கவிந்து நிற்பதால் மாமரங்களின் நகரம் என்றே அதற்குப் பெயர். 2025 நவம்பரில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தபோது நம் செய்தித்தாள்களிலும் அந்த ஊர் அடிபட்டது. சண்டைக் கலை உலகத்திலோ அதன் பெயர் நூறு வருஷமாகப் புழங்குகிறது.

முதலில் வந்த ஜப்பானியர்

மிட்சுயோ மாயேடா 1878-ல் ஜப்பானின் அஓமோரி பகுதியில் பிறந்தவர். டோக்கியோவின் கொடோகான் பள்ளியில் ஜூடோ கற்றார். 1904-ல் கலையைக் காட்டிவர அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர், பிறகு ஊர் ஊராக, நாடு நாடாகப் பந்தயச் சண்டை போட்டுப் பிழைத்தார். ஸ்பெயினில் அவருக்குக் கிடைத்த மேடைப் பெயர் 'கோண்டே கோமா'. 1914-ல் பிரேசிலுக்கு வந்து, சுற்றி முடித்து, பெலெமில் தங்கிவிட்டார். அங்கேயே 1941-ல் இறந்தார்.

பெலெமில் கஸ்டாவ் கிரேசி என்ற வியாபாரியின் மூத்த மகன் கார்லோஸ். 1902-ல் பிறந்த துடுக்குப் பையன். மாயேடாவிடம் அவன் பாடம் கேட்டான், தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்தான், 1925-ல் ரியோ டி ஜெனீரோவில் சொந்தப் பள்ளி திறந்தான் என்பது கிரேசி குடும்பம் சொல்லும் வரலாறு. நேரடியாக மாயேடாவிடமா, அவருடைய மாணவர்களிடமா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அது எப்படியோ, கார்லோஸின் தம்பி ஹீலியோவும் அவருடைய பிள்ளைகளும் சேர்ந்து அந்தக் கலையைப் பிரேசில் ஜியு-ஜிட்சு ஆக்கினார்கள். ஹீலியோவின் மகன்தான் ரொய்ஸ். யு.எஃப்.சி.யைத் தொடங்கியவர்களில் ஒருவர் ரொய்ஸின் அண்ணன் ரோரியன். பந்தல் போட்டவர்களும் அவர்களே, மாப்பிள்ளையும் அவர்களே.

ஜப்பானியரிடம் இருந்து கலை போனது. ஜப்பானியர் கையை விட்டும் போனது. மாயேடாவுக்குப் பெலெமில் குடும்பப் பள்ளி என்று ஒன்று மிஞ்சவில்லை. அவர் கடைசிக் காலத்தில் செலவழித்த உழைப்பெல்லாம் வேறொரு வேலைக்கு. அமேசான் காட்டில் ஜப்பானியக் குடியேற்றத்துக்கு உதவுவது.

பிரேசிலுக்கு முதல் ஜப்பானியக் கூலிக் கப்பல் 'கசாட்டோ மாரு' 1908 ஜூனில் சாந்தோஸ் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்தவர்கள் 781 பேர். அவர்கள் போனது தெற்கே, சாவோ பாவ்லோவின் காப்பித் தோட்டங்களுக்கு. பெலெம் பக்கம் ஜப்பானியர் வந்தது 1929-ல். இன்று தோமே-அசு என்று அழைக்கப்படும் இடத்தில் காட்டை வெட்டி இறங்கினார்கள். மலேரியா வாரிக்கொண்டு போனது. விளைந்த எதற்கும் விலையில்லை. பலர் ஓடிவிட்டார்கள். அந்தக் குடியேற்றத்தைக் கடைசியில் காப்பாற்றியது நமக்குப் பழகிய சரக்கு: மிளகு. 1933-ல் வந்த ஒரு கப்பல் வழியில் சிங்கப்பூரில் நின்றபோது வாங்கிய மிளகு நாற்றுகளில் பிழைத்த இரண்டே இரண்டு கொடிகளிலிருந்து தோட்டங்கள் பெருகின. போருக்குப் பின் விலை ஏறியதும் அதற்குக் 'கறுப்பு வைரம்' என்று பெயர் வைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடி அமேசான் கரையில் ஜப்பானியருக்கு வீடு கட்டிக்கொடுத்திருக்கிறது.

நடுவில் இரண்டாம் உலகப் போர். 1942-ல் பிரேசில் நேச நாடுகள் பக்கம் சேர்ந்ததும் பெலெமில் ஜப்பானியர் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. ஊரில் இருந்த ஜப்பானியரைத் தோமே-அசுவுக்கே கொண்டுபோய் அடைத்தார்கள். குடியேற்றம் மறுபடி தொடங்கியது 1953-ல்தான். இந்த இரண்டாம் அலையின் பின்பகுதியில், 1968-ல், 22 வயது இளைஞர் ஒருவர் பிரேசில் வந்தார். ஊர் இபராக்கி மாகாணம். பெயர் யோஷிசோ மச்சிடா. கையில் இருந்த தொழில் ஷோடோகான் கராத்தே.

தகப்பன் போட்ட கோடு, மகன் இழுத்த கோடு

ஷோடோகானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதுவும் ஒரு வீட்டுக் கலைதான். ஓகினாவா தீவின் பள்ளி ஆசிரியர் கிச்சின் ஃபுனகோஷி 1922-ல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேவைக் காட்டியபோது அவருக்கு 50 வயது தாண்டியிருந்தது. அவர் நின்ற நிலை உயரமானது, அடிகள் சுருக்கமானவை. அவருடைய மகன் யோஷிடாகா பொறுப்பேற்றதும் கால்களை அகல வைத்தார், இடுப்பைத் தாழ்த்தினார், உதைகளைக் கூட்டினார். இன்று ஷோடோகான் என்றாலே கண்ணில் நிற்கும் அந்த நீண்ட, தாழ்ந்த நிலை பெரும்பாலும் மகனின் கைவண்ணம். மகன் 1945-ல் காசநோயில் போனார். அதே ஆண்டு விமானத் தாக்குதலில் பயிற்சிக்கூடமான டோஜோவும் எரிந்தது. தகப்பன் 1957 வரை இருந்தார்.

மாணவர்கள் 1949-ல் ஜப்பான் கராத்தே சங்கத்தை அமைத்தார்கள். ஜே.கே.ஏ. என்று நம்மூர் கராத்தே மாஸ்டர்களும் சொல்வது அதைத்தான். மசாதோஷி நகயாமா அதன் தலைமைப் பயிற்றுநர். பயிற்றுநர்களைத் தயார் செய்து உலகெங்கும் அனுப்புவது அவர்கள் திட்டம். நிஷியாமா அமெரிக்காவுக்குப் போனார், எனோயேடா இங்கிலாந்துக்கு. பிரேசிலில் அதற்கு முன்பே, 1955-ல், வங்கி வேலையாக வந்த மிட்சுசுகே ஹராடா சாவோ பாவ்லோவில் வகுப்பு தொடங்கியிருந்தார். யோஷிசோ இந்த வரிசையில் வந்தவர். பின்னாளில் ஜே.கே.ஏ.வின் பிரேசில் கிளைக்குத் தலைமை தாங்கினார்.

பிரேசில் பெண்ணை மணந்தார். நான்கு மகன்கள்: தாக்கே, சின்சோ, லியோட்டோ, கென்சோ. லியோட்டோ பிறந்தது 1978 மே 30, பாஹியா மாநிலத்தின் சால்வடார் நகரில். வளர்ந்தது பெலெமில், அப்பாவின் டோஜோவில். மூன்று வயதில் சீருடை போட்டான், 13 வயதில் பிளாக் பெல்ட் வாங்கினான். வீட்டில் சாப்பாடு எப்படியோ அப்படித்தான் கராத்தேவும். வேண்டுமா வேண்டாமா என்று யாரும் பிள்ளைகளிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஷோடோகான் வகுப்பின் ஒரு மணி நேரம் எப்படிப் போகும் என்பதை அதில் வியர்த்தவர்கள் அறிவார்கள். முதலில் கிஹான். வரிசையாக நின்று, முன்கால் மடக்கி, பின்கால் நீட்டி, ஒரு அடி வைத்து ஒரு குத்து. கூடத்தின் கோடி வரை போய்த் திரும்பி வர வேண்டும். குத்தும் கை போகும் வேகத்தில் மறு கை இடுப்புக்கு வர வேண்டும். பிறகு கட்டா: இல்லாத எதிராளிகளோடு போடும், அடி மாறாத சண்டை வரிசை. கடைசியில் குமித்தே, அதாவது ஆளுக்கு ஆள். ஜே.கே.ஏ. போட்டியின் பழைய விதி கறாரானது. சுத்தமான ஒரே அடி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஐந்து அடி வாங்கி ஆறு அடி கொடுத்து ஜெயிக்கும் பேச்சே கிடையாது. வாங்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.

அதனால் அந்தப் பள்ளியில் கை காலைவிடப் பெரிய ஆயுதம் இடைவெளி. எதிராளியின் கை எட்டும் தூரத்துக்கு ஒரு விரற்கடை வெளியே நிற்பது. அவன் எட்டி வரும்போது, அவன் எடை முன்காலில் இறங்கும் அந்த நொடியில், அரை அடி பின்வாங்கி நேர்க்குத்து. இதைச் சொல்லித் தர ஐந்து நிமிடம் போதும். உடம்பில் ஏற இருபது வருஷம் ஆகும். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு ஆண்டுக்கு நூறு மணி நேரம் கிடைக்கும். டோஜோக்காரன் மகனுக்கு அந்த நூறு மணி நேரம் சில வாரங்களில் கிடைத்துவிடும். குடும்பப் பள்ளிக்கு உள்ள சொத்து இதுதான். ரகசிய அடி, ஓலைச்சுவடி என்று கதை கட்டுவதெல்லாம் சினிமாவோடு சரி.

யோஷிசோ மகன்களைக் கராத்தேக்குள் மட்டும் பூட்டி வைக்கவில்லை. லியோட்டோ 12 வயதில் சுமோ பழகத் தொடங்கினான். ஜப்பானிய வம்சாவளியினர் பிரேசிலில் சுமோவை விடாமல் வைத்திருக்கிறார்கள். 2000-ல் பிரேசில் சுமோ போட்டியில் 115 கிலோ பிரிவில் அவனுக்கு இரண்டாம் இடம். அதற்கு அடுத்த ஆண்டு பான்-அமெரிக்கக் கராத்தே பட்டம். நடுவே 15 வயதில் ஜியு-ஜிட்சு வகுப்பிலும் சேர்ந்தான். பின்னாளில் அதிலும் பிளாக் பெல்ட். மாயேடா ஜப்பானிலிருந்து கொண்டுவந்து கிரேசிகள் வளர்த்ததை, அதே ஊரில், இன்னொரு ஜப்பானியரின் மகன் படித்தான்.

இனோக்கியின் கண்

இந்தப் பையனைக் கூண்டுச் சண்டை உலகுக்கு இழுத்துவந்தவர் அன்டோனியோ இனோக்கி. 1976-ல் டோக்கியோ புடோகானில் முகமது அலியோடு மோதிய அதே மல்யுத்த நட்சத்திரம். அவரும் பிரேசில் குடியேற்றத்தின் பிள்ளை. யோகோஹாமாவில் பிறந்து, பள்ளி வயதில் குடும்பத்தோடு சாவோ பாவ்லோ பக்கம் போய், காப்பித் தோட்டத்தில் மூட்டை தூக்கியவர். ரிகிடோசான் என்ற மல்யுத்த வீரர் அவரை 17 வயதில் கண்டெடுத்து ஜப்பானுக்குத் திருப்பி அழைத்துச் சென்றார். இனோக்கி அதே வேலையை மச்சிடாவுக்குச் செய்தார்.

2003 மே மாதம் ஜப்பானில் முதல் சண்டை. அந்த ஆண்டு செப்டம்பரில் அமேசானின் மனவுஸ் நகரில் ஸ்டீபன் பொன்னரை வென்றார். டிசம்பர் 31 இரவு கோபேயில் ரிச் ஃபிராங்க்ளினை வீழ்த்தினார். ஃபிராங்க்ளின் பிறகு யு.எஃப்.சி. மிடில்வெயிட் சாம்பியனானவர். 2005-ல் பி.ஜே. பென், தன் வழக்கமான எடையைவிடப் பல கிலோ ஏற்றிக்கொண்டு வந்து மோதித் தோற்றார். இத்தனைக்கும் பிறகும் 2007-ல் யு.எஃப்.சி.க்குள் நுழைந்தபோது ரசிகர்கள் அவரை ரசிக்கவில்லை. அரங்கத்தில் கூச்சல் போட்டார்கள். அடிக்க வராமல் ஓடிக்கொண்டே இருக்கிறான் என்பது புகார்.

கூச்சல் அடங்கியது 2009 ஜனவரி 31-ல். எதிராளி தியாகோ சில்வா, அவரும் தோற்றறியாதவர். முதல் சுற்று முடிய மணி அடிக்க ஒரு நொடி மிச்சம். அதிகாரப்பூர்வ நேரம் 4 நிமிடம் 59 நொடி. மச்சிடா காலைத் தட்டிவிட்டு, சில்வா முதுகில் விழும்போதே கூடவே இறங்கி, ஒரே குத்து. ஆள் எழவில்லை. கராத்தே தெரிந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் சிலிர்த்திருக்கும். காலை வாரிக் கீழே விழுந்தவன் மேல் ஒரு குத்து என்பது ஜே.கே.ஏ. போட்டி மேடையில் முழுப் புள்ளி வாங்கும் பழைய சேர்க்கை. பள்ளிப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை பழகுவது. கூண்டில் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து எவன்ஸ், பட்டம், அந்த முழக்கம்.

புகழ் வந்ததும் வீட்டுக்குள் நடப்பதும் வெளியே வந்தது. தினமும் காலையில் சொந்தச் சிறுநீரைக் குடிப்பதாகவும் அது அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம் என்றும் மச்சிடா பேட்டியில் சொல்ல, அமெரிக்கப் பத்திரிகைகள் முகம் சுளித்தன. அதே பழக்கமுள்ள மொரார்ஜி தேசாயைப் பிரதமராகப் பார்த்த நாட்டுக்கு இது ஒன்றும் புதுசில்லை.

முன்காலில் இருந்த ஓட்டை

குடும்பப் பள்ளியின் பலம் எதுவோ அதுதான் பலவீனமும். அதைக் கண்டுபிடித்தவர் இன்னொரு பிரேசில்காரர், மவுரிசியோ 'ஷோகன்' ருவா. குரிசிபா நகரின் முவாய் தாய் ஆள். 2009 அக்டோபர் 24, லாஸ் ஏஞ்சலிஸ். ருவா மச்சிடாவின் தலையைத் தேடவில்லை. அகன்று நிற்கும் கால்களைத் தேடினார். ஐந்து சுற்றும் தொடையிலும் விலாவிலும் உதைத்துக்கொண்டே இருந்தார். அகல நிலையில் முன்காலைச் சட்டென்று தூக்கித் தடுப்பது சிரமம். ஜே.கே.ஏ. போட்டியில் தொடை உதைக்குப் புள்ளியும் கிடையாது; அங்கே வளர்ந்தவனுக்கு அதைத் தடுக்கும் அவசியம் வந்ததே இல்லை. வீட்டுப் பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி.

மூன்று நடுவர்களும் 48-47 என்று மச்சிடாவுக்கே கொடுத்தார்கள். அரங்கம் கொதித்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் சர்ச்சைப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது. சண்டையைத் திரும்பப் பார்த்தால் ரசிகர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 2010 மே 8, மொன்றியால் மறுபோட்டியில் நடுவர்களுக்கு வேலையே இல்லை. முதல் சுற்றிலேயே ருவா மச்சிடாவை வீழ்த்தினார். 'மச்சிடா யுகம்' என்று வர்ணனையாளர் ஜோ ரோகன் அறிவித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. 2011 ஏப்ரல் 30, டொரொன்டோ. 55,000-க்கும் மேற்பட்டோர் திரண்ட அரங்கில், 47 வயது ரேண்டி கூட்டூரின் கடைசிச் சண்டை. இரண்டாம் சுற்றில் மச்சிடா ஒரு காலை எடுத்து உதைப்பதுபோல் போக்குக் காட்டினார். கூட்டூரின் கவனம் அதற்குப் போனது. அதே துள்ளலில், அந்தரத்தில், மறு கால் நேராக வந்து தாடையில் பட்டது. 'கராத்தே கிட்' படத்தின் கொக்கு உதை என்று ஊடகங்கள் கொண்டாடின. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவன் சீகல் தன் பங்கும் அதில் உண்டு என்று முன்னால் வந்து நின்றார். அந்த உதை ஷோடோகானில் பழையது. 'கன்கு டாய்' என்ற கட்டாவின் கடைசிப் பகுதியில் அந்த இரட்டைத் துள்ளல் உதை வரும். பிளாக் பெல்ட்டுக்குத் தயாராகும் பிள்ளைகள் வெறும் காற்றை உதைத்துப் பழகுவார்கள். கட்டாவெல்லாம் வெறும் டான்ஸ் என்று கேலி செய்தவர்களுக்கு அன்று கொஞ்சம் கஷ்டமான நாள்.

அதன் பின் ஏற்ற இறக்கம். 2011 டிசம்பரில் ஜோன் ஜோன்ஸிடம் முதல் சுற்றை நன்றாக ஆடி, இரண்டாம் சுற்றில் கழுத்துப் பிடியில் நினைவிழந்தார். எடையைக் குறைத்து மிடில்வெயிட்டுக்கு இறங்கினார். 2014-ல் கிறிஸ் வைட்மனோடு ஐந்து சுற்று போராடிப் பட்டத்தைத் தவறவிட்டார். 2016-ல் சறுக்கல் வேறு வகை. தடைசெய்யப்பட்ட 7-கீட்டோ-டி.எச்.இ.ஏ. கலந்த சத்து மருந்தைச் சாப்பிட்டதாகச் சோதனைப் படிவத்தில் அவரே எழுதிக்கொடுத்தார். தடைப் பட்டியலில் இருப்பது தெரியாது என்றார். 18 மாதத் தடை. திரும்பி வந்த முதல் சண்டையில், சாவோ பாவ்லோவில், சொந்த மக்கள் முன்னால் முதல் சுற்றிலேயே தோல்வி. வயது 39.

அத்தோடு முடிந்தது என்று எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். 2018 மே 12, ரியோ டி ஜெனீரோ. விட்டோர் பெல்ஃபோர்ட்டோடு இரண்டாம் சுற்று. முழங்கால் முதலில் மேலே எழும்பி, முன்பாதம் அங்கிருந்து சுண்டிவிட்டதுபோல் தாடைக்குப் போகும் முன்னுதை. மாயே-கேரி. வெள்ளை பெல்ட் கட்டிய முதல் வாரத்தில் எந்தப் பிள்ளைக்கும் கற்றுத்தரும் உதை. பெல்ஃபோர்ட் நின்ற இடத்திலேயே விழுந்தார்.

மச்சிடாவைப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். கராத்தேதான் எல்லாவற்றையும் வென்றது என்பது சரியில்லை. அவரைத் தரையில் தள்ள முடியாமல் போனதற்கு சுமோ காரணம். தரையில் விழுந்தபோது அவர் பதறாததற்கு ஜியு-ஜிட்சு காரணம். ஆனால் கராத்தே பெயருக்குத்தான் என்பதும் பொய். சுமோவும் ஜியு-ஜிட்சுவும் கற்ற ஆயிரம் பேர் கூண்டுக்குள் வந்தார்கள். அந்த அரை அடிப் பின்வாங்கலும் நேர்க்குத்தும் அவர்களில் யாருக்கும் அப்படி அமையவில்லை.

அண்ணன் சின்சோவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வீட்டின் நல்ல கராத்தேக்காரர் அவர்தான் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. 2006-ல் சிட்னியில் நடந்த ஜே.கே.ஏ. உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தவர். அண்ணனும் தம்பியும் ஒரு போட்டியின் இறுதியில் எதிரும் புதிருமாக மோதியதும் உண்டு. சின்சோ கூண்டுக்கு முழுமூச்சாக வந்தது முப்பதைத் தாண்டித்தான். 66 கிலோ பிரிவு. அதே நிலை, அதே இடைவெளி, அதே பின்வாங்கல். கடைசித் தம்பி கென்சோ தொலைக்காட்சிச் செய்தியாளராகிவிட்டார். நான்கு பேரில் ஒருவர் தப்பித்துக்கொண்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கராத்தே உலகமே இதற்கிடையில் வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது, ஐம்பது வருஷம் காத்திருந்து ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ புடோகான், அதிக எடைப் பிரிவின் இறுதிச் சண்டை. சவூதியின் தாரெக் ஹமீதி உயர்த்திய கால் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதேயின் முகத்தில் பலமாகப் பட்டது. கஞ்ஜாதே மயங்கி விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஹமீதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். மயக்கம் தெளிந்த கஞ்ஜாதேவுக்குத் தங்கம்! விதிப்படி அது சரி. ஆனால் வீட்டு ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த சாதாரண ரசிகனுக்கு அதை எப்படி விளக்குவது? 2024 பாரிஸில் கராத்தே இல்லை.

லியோட்டோ 2018-ல் பெல்லட்டார் என்ற இன்னொரு கூண்டுச் சண்டை நிறுவனத்துக்கு மாறினார். 2022 மே 13, லண்டனில் ஃபேபியன் எட்வர்ட்ஸிடம் தோற்றது வரை ஆடினார். அதற்கு முன்பே குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபோய், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் குடும்பப் பெயரில் கராத்தே பள்ளி நடத்தத் தொடங்கியிருந்தார். அதே வட்டாரத்தில்தான் ரோரியன் கிரேசியும் தன் முதல் அமெரிக்கப் பள்ளியை நடத்தினார். பெலெமில் தொடங்கிய இரண்டு வீடுகளும் பசிபிக் கரையில் மறுபடி பக்கத்துப் பக்கத்தில்.

கிரேசிகள் அங்கே பெயரை வைத்தே சண்டை போட்டார்கள். 'கிரேசி ஜியு-ஜிட்சு' என்ற பெயர் தனக்கே சொந்தம் என்று ரோரியன் வணிகக் குறியாகப் பதிவு செய்ய, பெரியப்பா மகன் கார்லி நீதிமன்றம் போனார். பதிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இன்று அந்தக் குடும்பத்தில் எத்தனை கிளை, எத்தனை பள்ளி என்று அவர்களே எண்ணிச் சொல்ல வேண்டும். நான்கு தலைமுறை ஆகிவிட்டது. மச்சிடாக்கள் இப்போதுதான் இரண்டாம் தலைமுறையில் இருக்கிறார்கள்.